மணி அடித்த பிறகு

ஆம்பூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது பிரியாணி. ஐரோப்பிய ஷூ வியாபாரிகளுக்கு அது வேறு ஊர். அவர்கள் விற்கும் தோல் காலணிகளின் மேல்பாகம் தைக்கப்படும் இடம். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றுப் படுகையில் நீளும் இந்தத் தோல் வட்டாரம் முதலில் பெரும்பாலும் ஆண்களின் உழைப்பில் வளர்ந்தது. சுண்ணாம்புக் குழியில் தோலை ஊறவைப்பதும், மயிர் நீக்குவதும், ஆவாரம் பட்டைச் சாற்றில் பதனிடுவதும் அந்தக் காலத்துத் தோல்ஷாப் வேலைகள். 1970களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு மத்திய அரசு வரம்பு விதித்து, முழுமையாக முடித்த தோலையும் காலணியையும் ஊக்குவிக்கத் தொடங்கிய பிறகு காட்சி மாறியது. தோல்ஷாப்புக்குப் பக்கத்தில் ஷூ கம்பெனி வந்தது. தையல் மெஷின்களும் பேஸ்டிங் மேஜைகளும் வரிசையாக வந்தன. அவற்றின் முன்னால் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள் என்று தொழிற்சாலைகளின் ஆண்டுக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஆக, உழைப்பால் ஒருவர் உள்ளுக்குள் வற்றிப்போவதைப் பற்றிய அறிவியலைச் சோதித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான வட்டாரம் நாட்டில் அதிகம் கிடைக்காது.

அந்த அறிவியல் பிறந்த இடம் வேறு. 1974-இல் நியூயார்க்கின் இலவச மருத்துவமனை ஒன்றில் தொண்டு செய்த உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர், ஆர்வத்தோடு வந்த ஊழியர்கள் சில மாதங்களில் களைத்து, எரிச்சலடைந்து, எதிலும் பற்றற்றுப் போவதைக் கவனித்து அதற்கு ‘பர்ன்அவுட்’, அதாவது பணிச்சோர்வு, என்று பெயர் வைத்தார். 1981-இல் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் அதை அளக்க ஒரு வினாத்தாளை உருவாக்கினார்கள். செவிலியர், ஆசிரியர், சமூகப் பணியாளர் என்று மனிதர்களோடு பழகும் வேலைக்காரர்களை மனதில் வைத்துத் தயாரிக்கப்பட்டது அது. 2019-இல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில் பணிச்சோர்வைச் சேர்த்தது. நோயாக அல்ல, வேலையோடு தொடர்புடைய ஒரு நிலையாக. சக்தி தீர்ந்த உணர்வு, வேலையிலிருந்து மனம் விலகுதல், தன் திறமை குறைந்துவிட்டதென்ற எண்ணம் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். கூடவே ஒரு நிபந்தனையையும் நிறுவனம் எழுதிவைத்தது: இந்தப் பெயரை வேலையிடத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், வாழ்க்கையின் மற்றப் பகுதிகளுக்குப் பொருத்தக்கூடாது. வகைப்பாடு செய்பவர்களுக்கு எல்லைக்கோடு தேவைப்படுவது புரிகிறது. ஆனால் அந்தக் கோட்டைக் கம்பெனி கேட்டில் போட்டதில்தான் சிக்கல். மாலை மணி அடித்து, கம்பெனி பஸ் ஏறி, ஊர் வந்து இறங்கி, அடுப்பைப் பற்றவைக்கும் பெண்ணின் உடம்புக்கு அந்த கேட் தெரியாது. பணிச்சோர்வைத் தீர்மானிப்பது வேலையின் அளவைவிட, வேலைக்குப் பிறகு உடம்பு மீள நேரம் கிடைக்கிறதா என்பதே. அந்த நேரம் கேட்டுக்கு வெளியேதான் தின்னப்படுகிறது.

இதற்கு நல்ல சான்று ஸ்வீடனிலிருந்து வருகிறது. மரியான் ஃபிராங்கன்ஹாய்சர், உல்ஃப் லுண்ட்பெர்க் ஆகியோரின் குழு வோல்வோ நிறுவனத்தில் ஆண் மேலாளர்களையும் பெண் மேலாளர்களையும் ஒப்பிட்டு, 1989-இல் முடிவை வெளியிட்டது. வேலை நேரத்தில் மட்டும் அளந்து நிறுத்திக்கொள்ளாமல், மாலையில் வீட்டுக்குப் போன பிறகும் அவர்கள் அளந்தார்கள். பரபரப்பான வேளையில் உடம்பை முடுக்கிவிடும் நார்அட்ரினலின் அளவு பகலில் இரு தரப்பிலும் உயர்ந்திருந்தது. ஐந்து மணிக்கு மேல் பாதைகள் பிரிந்தன. ஆண்களிடம் அது சரசரவென இறங்கியது. பெண்களிடம் இறங்கவில்லை, மேலும் ஏறியது. ஒரே பதவி, ஒரே அலுவலகம், ஒரே மாதிரி நாற்காலி. வித்தியாசம் வீட்டில் காத்திருந்தது. இதே 1989-இல்தான் அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஸ்சைல்ட் ‘இரண்டாவது ஷிப்ட்’ என்ற தலைப்பில் தன் நூலை வெளியிட்டார். அவர் வீடுகளுக்குள் உட்கார்ந்து பார்த்து எழுதியதையே ஸ்வீடன் குழு சிறுநீர் மாதிரியில் கண்டது.

மேலாளர் கதை தையல் லைனுக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1997-இல் அமெரிக்காவில் லிண்டா லூக்கன் குழு, ஒரு பெரிய நிறுவனத்தின் எழுத்தர், வாடிக்கையாளர் சேவை போன்ற கீழ்நிலை வேலைகளில் இருந்த 109 பெண்களை ஆராய்ந்தது. வீட்டில் ஒரு குழந்தையாவது இருந்த பெண்களின் உடம்பு ஒரு முழு நாளில் அழுத்த ஹார்மோனான கார்டிசாலை அதிகம் சுரந்தது. மணமானவரா, துணைக்கு ஆள் உண்டா என்பதெல்லாம் இந்த வித்தியாசத்தை அழிக்கவில்லை. கார்டிசாலும் நார்அட்ரினலினும் கெட்ட சரக்கல்ல. அவை இல்லாவிட்டால் காலையில் எழவே முடியாது. ஏறிய அளவு இறங்காமல் நிற்பதே கேடு. அப்படி இறங்காமல் நின்று இரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் தூக்கத்திலும் நோய் எதிர்ப்பிலும் சிறுகச் சிறுகச் சேரும் தேய்மானத்துக்கு 1993-இல் புரூஸ் மெக்யூவனும் எலியட் ஸ்டெல்லரும் தனிப் பெயரே கொடுத்தார்கள். பாலாற்றுப் படுகைக்காரர்களுக்கு இது புதிய செய்தியல்ல: பகல் முழுக்க இறைத்த கிணறு இரவில் ஊறும், இரவிலும் மோட்டார் ஓடினால் மட்டம் ஒரே நாளில் போய்விடாது, ஒவ்வொரு நாளும் ஒரு சாண் குறைந்துகொண்டே போகும்.

ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாப்பாட்டு இடைவேளையோடு சேர்த்துக் கம்பெனியில் ஒன்பது மணி நேரம். போக வர ஒன்றரை மணி. வீட்டு வேலைக்கு எத்தனை? மத்தியப் புள்ளியியல் துறையின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019-இல் சொன்னது, ஊதியமில்லா வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 299 நிமிடம், அதைச் செய்யும் ஆண்கள் 97 நிமிடம். 2024-இல் அது முறையே 289, 88. (பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது, ஆணுக்கும் ஒன்பது குறைந்திருக்கிறது. ஆகவே யார் கைகொடுத்துக் குறைந்தது என்று யாரும் மார்தட்ட வேண்டியதில்லை.) இந்தச் சராசரியில் வேலைக்குப் போகாத பெண்களும் அடக்கம் என்பதால், கம்பெனிக்குப் போகும் பெண்ணுக்கு நான்கு மணி நேரம் என்று தாராளமாகவே குறைத்துக்கொள்வோம். குளிக்க, சாப்பிட, தலை வார, துணி மாற்ற ஒன்றரை மணி. கூட்டினால் பதினாறு. மீதம் எட்டு. காகிதத்தில் இது ஒரு நல்ல தூக்கம். ஆனால் கப்பல் தேதி நெருங்கி இரண்டு மணி நேரம் ஓ.டி. பார்க்கச் சொன்னால் மீதம் ஆறு. பிள்ளைக்குக் காய்ச்சல், குழாயில் தண்ணீர் வராத நாள், ரேஷன் கடை வரிசை, மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது எதுவும் இந்தக் கணக்கில் இன்னும் நுழையவில்லை. மே மாதத்து வேலூர் வெயிலை வாங்கி இரவெல்லாம் கொதிக்கும் ஷீட் கூரையும் நுழையவில்லை.

ஆறு மணி நேரம் போதாதா, உடம்பு பழகிக்கொள்ளாதா? எங்கள் பாட்டிமார் நாற்று நட்டு, நெல் குத்தி, எட்டுப் பிள்ளை வளர்க்கவில்லையா? அடிக்கடி கேட்கும் மறுப்பு இது. பதில் 2003-இல் ஹான்ஸ் வான் டாங்கனும் டேவிட் டிங்கஸும் பென்சில்வேனியாவில் நடத்திய சோதனையில் இருக்கிறது. ஆரோக்கியமான 48 பேரைப் பிரித்து, சிலரை இரவுக்கு எட்டு மணி நேரமும், சிலரை ஆறும், சிலரை நான்கும் மட்டும் படுக்கவிட்டு, பதினான்கு நாள் கவனித்தார்கள். ஆறு மணி நேரக்காரர்களின் கவனமும் எதிர்வினை வேகமும் நாளுக்கு நாள் சரிந்தன. இரண்டு வார முடிவில், இரவு முழுதும் கண் விழித்தவர்களோடு ஒப்பிடும் அளவுக்குப் போயின. உற்றுப் பார்க்க வேண்டிய பகுதி அடுத்தது: தூக்கம் வருகிறதா என்று அவர்களிடமே கேட்டபோது, முதல் சில நாளில் ஏறிய மதிப்பெண் அப்புறம் பெரிதாக ஏறவில்லை. அவர்கள் நன்றாகத்தான் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். பழகிப்போனது உடம்பு அல்ல, உடம்பைப் பற்றிய கணிப்பு. பாட்டியைப் பொறுத்தவரை, நாற்று நடவுக்குப் பருவம் உண்டு, இடையில் சும்மா இருக்கும் மாதங்களும் உண்டு. மேலும் அவர் நலமாக இருந்தார் என்பதற்கு நம்மிடம் உள்ள சாட்சி பெரும்பாலும் பேரப்பிள்ளைகளின் நினைவு மட்டுமே.

இன்னொரு மறுப்பு கொஞ்சம் ஏளனத்தோடு வரும்: பணிச்சோர்வெல்லாம் ஏ.சி. அறை வியாதி, கூலிக்காரருக்கு இருப்பது வெறும் வறுமை. மைக்கேல் மார்மட்டும் அவருடைய முன்னோடிகளும் 1967 முதல் லண்டன் அரசு ஊழியர்களிடம் நடத்திய ஒயிட்ஹால் ஆய்வு இந்த எண்ணத்தைக் கவிழ்த்தது. பொறுப்பு கூடிய மேலதிகாரியைவிட, கடைநிலை ஊழியர்தான் இதய நோயால் அதிகம் இறந்தார். விகிதம் சுமார் மூன்று மடங்கு. பிந்தைய கட்ட ஆய்வில் இதன் ஒரு பங்குக்கு விளக்கம் கிடைத்தது: தன் வேலையின் மீது தனக்கு அதிகாரம் இல்லாமை. ராபர்ட் காரசெக் 1979-லேயே சொன்ன சூத்திரமும் இதுதான். வேலை அதிகம், முடிவெடுக்கும் உரிமை குறைவு என்ற கூட்டு மனிதரை முறிக்கும். ஷூ லைன் அந்தக் கூட்டின் பாடப்புத்தக உதாரணம். வேகத்தை டார்கெட் தீர்மானிக்கிறது. கழிப்பறைக்கு எழுந்து போனால் மேஜையில் ஜோடிகள் குவிகின்றன. தோல் விளிம்பை மெலிதாக்கும் ஸ்கைவிங்கில் தாமதமானால், அதை மடிக்கும் ஃபோல்டிங்கில் கையைக் கட்டிக்கொண்டிருப்பவர் முறைக்கிறார். ஆனால் ஏளனத்துக்குள் ஓர் எச்சரிக்கை ஒளிந்திருக்கிறது, அதை ஒதுக்கக்கூடாது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. படி ஏற மூச்சு வாங்குவதும், பகலெல்லாம் அசதியும், வேலையில் மனம் ஒட்டாமையும் அதிலும் வரும், தைராய்டு குறையிலும் வரும், மனச்சோர்விலும் வரும். அசதி என்று வரும் பெண்ணுக்கு முதலில் இரத்தம் பார்க்க வேண்டும். பணிச்சோர்வு என்ற முத்திரை அதற்குப் பிறகுதான்.

அப்படியானால் வேலையை விட்டு வீட்டோடு இருந்துவிட்டால் தீர்ந்ததா? இந்த யோசனையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அந்தச் சம்பளத்தை நம்பியிராதவர்கள். சான்றும் அதற்கு எதிராகவே நிற்கிறது. ரோசலிண்ட் பார்னெட்டும் ஜேனட் ஹைடும் 2001-இல் ஆய்வுகளைத் திரட்டிக் காட்டியது, பல பொறுப்புகளை ஏற்பது பொதுவாக உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் நன்மையே செய்கிறது என்று. பொறுப்புகள் அளவு மீறாமலும், அந்தந்த வேலையின் தரம் மோசமாக இல்லாமலும் இருக்கும் வரை. கையில் சொந்தக் காசு, வீட்டு முடிவில் ஒரு சொல், பஸ்ஸில் கூட வரும் தோழிகள், டீ நேரச் சிரிப்பு இவையெல்லாம் மருந்தும் கூட. அம்மருந்தைப் பறித்து நோயைக் குணப்படுத்த முடியாது. இரண்டு பொறுப்புகளுக்கு நடுவே மூச்சு விடும் இடத்தைப் பெரிதாக்குவதே வழி.

சந்தையில் கிடைக்கும் தீர்வு வேறு மாதிரி. தியானச் செயலி, மன உறுதிப் பயிற்சி, நேர மேலாண்மை வகுப்பு, யோகா நாள் போட்டோ. ஆக்ஸ்ஃபோர்டின் வில்லியம் ஃபிளெமிங் 2024-இல் பிரிட்டனின் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களின் தரவை வைத்து, இப்படித் தனிமனிதரைத் திருத்தும் திட்டங்களில் சேர்ந்தவர்களையும் சேராதவர்களையும் ஒப்பிட்டார். தொண்டுப்பணி வாய்ப்பைத் தவிர மற்ற எதிலும் சேர்ந்தவர்கள் மேலான நிலையில் இல்லை. ஒரே சமயத்தில் எடுத்த தரவு, அதிகம் துன்பப்பட்டவர்களே சேர்ந்திருக்கலாம் என்று ஆட்சேபிக்கலாம். ஆட்சேபம் சரிதான், முழுத் தீர்ப்பு இதில் இல்லை. ஆனாலும் ஆறு மணி நேரம் மிஞ்சும் பெண்ணிடம் இருபது நிமிட மூச்சுப் பயிற்சியைக் கொடுப்பது, அந்த ஆறை ஐந்தே முக்காலுக்கும் கீழே இறக்கும் என்பதற்கு ஆய்வு எதுவும் வேண்டாம்.

நேரத்தைத் திருப்பிக் கொடுத்தால் உற்பத்தி விழும், வங்கதேசமும் வியட்நாமும் ஆர்டரைத் தட்டிப் போகும் என்பது முதலாளிகளின் கவலை. அதைச் சிரித்து ஒதுக்க முடியாது. அந்த ஆர்டரில்தான் ஊரே ஓடுகிறது. பழைய கணக்கு ஒன்று இங்கே உதவும். முதல் உலகப் போரின்போது பிரிட்டன் தன் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் வேலை நேரத்தையும் உற்பத்தியையும் ஆராய 1915-இல் ஒரு குழுவை அமைத்தது. அங்கே அளக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் பெண்கள். அந்த ஏட்டை ஸ்டான்ஃபோர்டின் பொருளியலாளர் ஜான் பென்காவெல் 2014-இல் மறுபடி எடுத்து ஆராய்ந்தார். வாரத்துக்குச் சுமார் 50 மணி நேரம் வரை நேரத்துக்கு ஏற்ப உற்பத்தி கூடியது. அதைத் தாண்டினால் கூடும் வேகம் குறைந்தது. 70 மணி நேரம் வேலை வாங்கியதற்கும் 56 மணி நேரத்துக்கும் கிடைத்த சரக்கில் பெரிய வித்தியாசமில்லை. ஞாயிறு விடுமுறையைப் பறித்த வாரங்களில் உற்பத்தி அடி வாங்கியது. உயிர் போகும் போரிலேயே எடுபடாத ஓ.டி., ஷூவுக்கு எப்படி எடுபடும்? சின்ன இடைவேளைக்கும் சான்று உண்டு: 2001-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், இறைச்சி பதப்படுத்தும் ஆலையின் லைனில் நாளுக்கு 36 நிமிட ஓய்வைக் கூடுதலாகச் சேர்த்தும் உற்பத்தி குறையவில்லை. ஒன்பது நிமிடமாக நான்கு முறை விட்டபோது கால் வலி குறைந்தது.

2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்புக்குப் பிறகு மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்ட பன்னிரண்டு மணி நேர வேலைச் சட்டத்திருத்தத்தையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். வாரத்துக்கு 48 மணி என்பது மாறாது, நான்கு நாள் உழைத்து மூன்று நாள் ஓய்வெடுக்கலாம் என்றார்கள். கூட்டல் சரி. ஆனால் ஹார்மோன் இறங்குவதும் தூக்கமும் அன்றன்றைக்கு நடக்க வேண்டியவை. முன்பு போட்ட கணக்கில் ஒன்பதுக்குப் பதில் பன்னிரண்டைப் போட்டால் மீதம் ஐந்து மணி நேரம், தொடர்ந்து நான்கு இரவு. வாரக் கடைசியில் எட்டுத் துணிமூட்டையோடு காத்திருக்கும் அந்த மூன்று நாள் ஓய்வு யாருக்கு என்பதும் கேட்க வேண்டியதே. வீட்டுக்குப் போனதும் சாயும் ஆண் தொழிலாளிக்கு அத்திட்டம் ஓரளவு பொருந்தியிருக்கலாம்.

வீட்டுப் பக்கம் வருவோம். இங்கே பெரிய மாற்றம் சில நேரம் வேறு பெயரில் வந்துவிடுகிறது. 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தின் நோக்கம் குழந்தைகளின் ஊட்டமும் வருகையும். ஆனால் ஏழரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய தாய்க்கு அது விடியற்காலை வேலையில் ஒரு துண்டை எடுத்துக்கொள்கிறது. மதியத்துக்கான சோறும் குழம்பும் அப்படியேதான் இருக்கின்றன என்பது உண்மை. இருந்தாலும் நாளின் மிக நெருக்கமான அரை மணியில் கிடைக்கும் சலுகை, மாலையில் கிடைக்கும் அரை மணியைவிடப் பெரிது. குழந்தைகள் காப்பகம் இதைவிட ஒரு படி மேல். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் கட்டாயம் என்றது. 2020-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு அதை ஐம்பது தொழிலாளர்கள் என்று, ஆண் பெண் பிரிக்காமல் மாற்றி எழுதியது. சிறிய ஆலைகள் சில இதனால் நழுவலாம் என்பது குறை. குழந்தை அப்பாவுக்கும் பிறந்ததுதான் என்று சட்டம் எண்ணிப் பார்த்தது நிறை. அப்பாக்களைப் பற்றி இவ்வளவு போதும்: 2019 கணக்கெடுப்பில், ஒரு நாளில் வீட்டு வேலையில் கைவைத்த ஆண்கள் நூற்றுக்கு 26 பேர், பெண்கள் 81. மீதமுள்ள 74 பேரும் இரவுப் பாத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் எந்தச் சட்டமும் தராத நேரம் கிடைக்கும்.

இதுவரை சொன்னது எல்லாம் கேட் உள்ளவர்களுக்கு. ஆம்பூரைச் சுற்றிய கிராமங்களில் ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைக்கும் வேலை ஏஜென்ட் மூலம் வீடுகளுக்கே வருகிறது. சிவிடெப் இந்தியா, ஹோம்வொர்க்கர்ஸ் வேர்ல்ட்வைட் போன்ற அமைப்புகள் 2016-இல் இதை ஆராய்ந்து வெளியிட்டன. கழுத்து வலி, முதுகு வலி, கண் எரிச்சல் என்று அங்கே பதிவானவை லைனில் கேட்பவைதான். ஆனால் மணி அடிப்பது இல்லை, ஓ.டி. இல்லை, வார விடுமுறையும் இல்லை. கூலி ஜோடிக் கணக்கு. சமையலுக்கு நடுவே ஊசி, ஊசிக்கு நடுவே குழந்தை. வேலையை மனதிலிருந்து இறக்கிவைப்பதே மீட்சியின் முதல் படி என்று உளவியலாளர் சபின் சோனன்டாக் காட்டிவரும் ஆய்வுகள் இவர்களிடம் வந்து திகைத்து நிற்கும். கூடத்து மூலையில் தோல் குவியல் தெரிந்துகொண்டே இருக்கும்போது எதை இறக்கிவைப்பது? வீட்டிலிருந்து உழைப்பவர்களைத் தொழிலாளராக நடத்தச் சொல்லும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 177-ஆவது உடன்படிக்கை 1996-இல் வந்தது. இந்தியா அதை ஏற்கவில்லை. ஜோடிக்கு எவ்வளவு என்பது இங்கே வெறும் கூலிப் பிரச்சினையாக நிற்பதில்லை. எத்தனை மணிக்கு விளக்கணைத்துப் படுப்பது என்பதையும் அதுவே முடிவு செய்கிறது. கம்பெனிகளுக்குள் ஒவ்வொரு தையலுக்கும் எத்தனை நொடி ஆகிறதென்று ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்து டார்கெட் போடும் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அதே ஸ்டாப்வாட்சைத் திண்ணைக்கும் எடுத்துப்போய், ஒரு ஜோடிக்கு உண்மையில் ஆகும் நிமிடங்களை எண்ணி, எட்டு மணி நேரத்தில் குறைந்தபட்சக் கூலி தேறும்படி விலையை வைக்கலாம். கருவியும் கையில் இருக்கிறது, அளக்கத் தெரிந்த ஆளும் சம்பளத்தில் இருக்கிறார்.